பயாஸில் எழுதிய வோல்டேஜ் சுமையில் ஏன் வருவதில்லை? ஜிடிஎக்ஸ் 970 சிக்கல்

கேள்வி: 2022 மார்ச் 5

என்விடியாவின் பழைய கிராபிக்ஸ் கார்டான ஜிடிஎக்ஸ் 970 ஒன்று கைக்கு வந்தது. புதிய கார்டு விற்கும் விலையில் இப்போதைக்கு இதுதான் கதி என்பதால் கார்டின் பயாஸை (அதை இயக்கும் உள்ளமைந்த மென்பொருளை) திருத்தி வேகம் கூட்டலாம் என்று இறங்கினேன். மேக்ஸ்வெல் பயாஸ் ட்வீக்கர் என்ற எடிட்டரில் 1500 மெகாஹெர்ட்ஸ், 1.275 வோல்ட் என்று எழுதி ஃபிளாஷ் செய்தேன் (கார்டில் ஏற்றினேன்). கார்டின் அளவுகளைக் கண்காணிக்கும் ஜிபியு-இசட் மென்பொருள் காட்டுவதோ 1.212 தான். சில நிமிடம் கழித்து 1.187, பிறகு 1.175. வேகமும் 1455க்கு இறங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, விளையாட்டின் மெனுவில் சும்மா இருக்கும்போது திரை கருத்து, டிரைவர் நின்று மீண்டது என்று செய்தி வருகிறது. எடிட்டர் காட்டும் எண்ணே பொய் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் 500 வாட் பவர் சப்ளை போதவில்லையா? அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

பதில்: 2022 மார்ச் 5, இரவு

எடிட்டரில் பொய் எதுவும் இல்லை. அங்கே எழுதிய 1.275 ஓர் உச்சவரம்பு, கட்டளை அல்ல. அந்த வரம்புக்குள் எத்தனை வோல்ட் கேட்பது என்பதைக் கார்டு நொடிக்குப் பலமுறை தானே தீர்மானித்துக்கொள்கிறது. ஓடும் வேகம், இழுக்கும் வாட், சூடு, சிப்பின் தரம் என நான்கும் சேர்ந்துதான் அந்த முடிவு.

இப்போது எதையும் மாற்ற வேண்டாம். ஃபிளாஷ் செய்வதற்கு முன் சேமித்த மூல பயாஸ், திருத்திய பயாஸ், ஜிபியு-இசட்டின் சென்சார் பதிவுக் கோப்பு, இந்த மூன்றும் வேண்டும். பதிவில், வேகம் எதனால் தடுக்கப்படுகிறது என்று சொல்லும் ‘பெர்ஃப்கேப் காரணம்’ என்ற பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் வோல்டேஜைப் பற்றிப் பேசுவதெல்லாம் ஊகம்.

பவர் சப்ளையைப் பிறகு பார்ப்போம். 970க்கு அதிகாரபூர்வக் கணக்கு 145 வாட். 500 வாட் என்று ஸ்டிக்கரில் இருப்பது உண்மையாக இருந்தால் தாராளம்.

2022 மார்ச் 6

மூல பயாஸைச் சேமித்திருக்கிறீர்கள், நல்லது. இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்து பார்த்தேன். சிக்கலின் பாதி அங்கேயே தெரிகிறது.

இந்தக் கார்டின் பயாஸில் பூஸ்ட் அட்டவணை என்று ஒன்று, வோல்டேஜ் அட்டவணை என்று ஒன்று. பூஸ்ட் அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வேகம். அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையே சுமார் 13 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. வோல்டேஜ் அட்டவணையில் அதே எண்ணுள்ள வரிசைக்கு ஒரு குறைந்தபட்சம், ஓர் அதிகபட்சம். இரண்டு அட்டவணைகளையும் கட்டிவைத்திருப்பது வரிசை எண் மட்டும்தான். கார்டு ‘எனக்கு 1500 வேண்டும்’ என்றால் 1500 எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையின் வோல்டேஜ்தான் கிடைக்கும்.

ஆஃப்டர்பர்னர் என்ற வேகம் கூட்டும் மென்பொருளில் +100 கொடுக்கும்போது வரிசை மாறுவதில்லை. அதே வோல்டேஜில் 100 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக ஓடு என்று சொல்கிறீர்கள், அவ்வளவுதான். பயாஸில் பூஸ்ட் அட்டவணையின் ஸ்லைடரை மேலே இழுப்பது முற்றிலும் வேறு வேலை. அப்போது எல்லா வரிசைகளின் வேகமும் ஒன்றாக ஏறுகிறது. மூல பயாஸில் உச்சியருகே இருந்த 1500 இப்போது பல வரிசை கீழே வந்துவிடுகிறது. கீழே வந்தால் வோல்டேஜும் குறைவு.

உங்கள் கோப்பில் நடந்திருப்பது இதுதான். வோல்டேஜ் அட்டவணையின் தலையில் எண்ணில்லாத மூன்று வரிசைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை 1.275 ஆக்கியிருக்கிறீர்கள். அவை பொதுவான மேல்வரம்புகள். உங்கள் 1500 போய் அமர்ந்திருக்கும் வரிசையின் அதிகபட்சம் இன்னும் பழைய 1.212 தான். கூரையை உயர்த்திவிட்டீர்கள், ஏணி பழைய உயரத்திலேயே நிற்கிறது.

2022 மார்ச் 6, பிற்பகல்

மேலே சொன்னதில் விட்டுப்போன ஒன்று. வரிசையில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் வேறு வேறாக இருந்தால், அந்த இடைவெளியில் எங்கே நிற்பது என்பதைச் சிப்பின் தரமே முடிவு செய்கிறது. ஜிபியு-இசட்டில் ‘ஏசிக் தரம்’ என்று ஒரு விழுக்காடு வரும். அது உயர்ந்த சிப் அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் கேட்கும். தாழ்ந்த சிப் கூடுதலாகக் கேட்கும். அதனால்தான் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு 970களில் ஒரே பயாஸை ஏற்றினாலும் இரண்டு எண்கள் வரும். இன்னொருவர் வெற்றிகரமாக ஓட்டும் பயாஸைத் தரவிறக்கி அப்படியே ஏற்றுவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அது அவருடைய சிப்புக்கு அளந்து தைத்தது.

2022 மார்ச் 8

பதிவுக் கோப்பு வந்தது. முதலில் பெர்ஃப்கேப் சொற்கள், மற்றவர்களுக்கும் உதவும்.

விரெல் என்றால் நம்பகத்தன்மை கருதி வைத்த வோல்டேஜ் வரம்பைத் தொட்டுவிட்டது. ஆரோக்கியமான கார்டு முழுச் சுமையில் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும்; அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பவர் என்றால் மின்சார வரம்பு. தெர்மல் என்றால் வெப்ப வரம்பு. யூடில் என்றால் வேலையே இல்லை, அதனால் வேகம் இறங்கியிருக்கிறது.

உங்கள் பதிவில் முதல் நிமிடம் முழுக்க விரெல், 1.212. அதன் காரணத்தை மேலே பார்த்துவிட்டோம். பிறகு பவர் தலைகாட்டுகிறது. அது வந்த இடங்களில் எல்லாம் 1.187, 1.175. வெப்பம் 71 டிகிரியைத் தாண்டவில்லை. தெர்மல் ஒருமுறைகூட வரவில்லை. ஆக, இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

2022 மார்ச் 8, இரவு

‘மின்சாரப் பயன்பாடு 88 விழுக்காடுதானே காட்டுகிறது, எப்படி பவர் வரம்பு வரும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. பலர் இதைக் கேட்காமலே வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

பவர் அட்டவணையில் எண்கள் மில்லிவாட்டில் இருக்கும்; எதற்கும் பெயர் எழுதியிருக்காது. நீங்கள் முதல் தொகுதியை மட்டும் 200000 ஆக்கியிருக்கிறீர்கள். அது மொத்தக் கணக்கு. அதற்குக் கீழே 66000 என்று ஒன்று, 75000 என்று இரண்டு இருப்பதைப் பாருங்கள். 66 வாட் என்பது மதர்போர்டு ஸ்லாட்டின் 12 வோல்ட் பாதை: 5.5 ஆம்பியர், 12 வோல்ட், பெருக்கினால் 66. மற்ற இரண்டும் 6 முள் இணைப்புகள். இந்த மூன்றில் எது முதலில் நிரம்பினாலும் கார்டு பின்வாங்கும். மொத்தம் 88 விழுக்காடு என்பது அந்த ஓர் இணைப்புக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஸ்லாட் வரிசையைத் தொடாதீர்கள். 2016இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 கார்டு வெளியான வாரத்திலேயே, அது ஸ்லாட்டிலிருந்து வரையறைக்கு மேல் இழுக்கிறது என்று அளந்து காட்டினார்கள். ஏஎம்டி 16.7.1 டிரைவரை வெளியிட்டு அந்தச் சுமையைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. ஸ்லாட்டின் முட்கள் மெல்லியவை, எரிந்தால் போவது மதர்போர்டு.

6 முள் வரிசைகளைச் சற்று உயர்த்தலாம். ஆனால் அந்த வயர் பவர் சப்ளையிலிருந்து நேராக வர வேண்டும். வன்தட்டுக்கான சாட்டா இணைப்பிலிருந்து 6 முள்ளுக்கு மாற்றும் மலிவான அடாப்டர் போட்டிருக்கிறீர்களா? சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று முட்கள், முள்ளுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். அதில் 75 வாட்டே அதிகம். வரம்பை உயர்த்துவதைப் பற்றிப் பேச்சே இருக்கக் கூடாது. படம் எடுத்துப் போடுங்கள்.

2022 மார்ச் 9

படம் பார்த்தேன். ஒரு வயர் நேர், ஒரு வயர் சாட்டா அடாப்டர். தம்பி, தயவுசெய்து இன்றைக்கே அதைக் கழற்றிவிடுங்கள். ஓவர்கிளாக் (வேகம் கூட்டும் வேலை) காத்திருக்கும்.

2022 மார்ச் 10

மெனுவில் திரை கருப்பது பற்றி. எனக்கு இந்த இழையிலேயே முக்கியமான குறிப்பு இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

முழுச் சுமையில் மணிக்கணக்கில் நிற்கும் கார்டு, சும்மா இருக்கும்போது விழுவது விசித்திரமாகத் தோன்றும். என் 970இலும் இதே கூத்தை அனுபவித்தேன். ஹெவன் பெஞ்ச்மார்க் இரவு முழுக்க ஓடும். விளையாட்டை நிறுத்தி வரைபடத்தைத் திறந்தால் திரை கருக்கும். எல்லோரும் வோல்டேஜ் போதவில்லை, ஏற்று என்றார்கள். உச்சத்தில் எவ்வளவு ஏற்றினாலும் மெனுவில் விழுவது மட்டும் மாறவில்லை. அப்போதுதான் உச்சத்தை விட்டுவிட்டு நடுவைப் பார்க்கத் தொடங்கினேன்.

சுமை குறையும்போது கார்டு மேல் வரிசையிலிருந்து நடு வரிசைகளுக்கு இறங்குகிறது. நீங்கள் ஸ்லைடரை இழுத்தபோது அந்த நடு வரிசைகளின் வேகமும் சேர்ந்தே ஏறிவிட்டது. அவற்றின் வோல்டேஜை யாரும் தொடவில்லை. முன்பு 1 வோல்ட்டில் 1200 மெகாஹெர்ட்ஸ் ஓடிய சிப்பை இப்போது அதே 1 வோல்ட்டில் 1290 ஓடச் சொல்கிறீர்கள். முழுச் சுமையில் அந்த வரிசைக்கு வருவதே இல்லை என்பதால் பெஞ்ச்மார்க்கில் தெரியாது. மெனு, வரைபடம், ஏற்றத் திரை, வீடியோ ஓடும் உலாவி, இங்கெல்லாம் கார்டு அந்த வரிசைகளில்தான் வாழ்கிறது.

சோதிக்கும் முறை: விளையாட்டில் பிரேம் வேகத்தை 60க்குக் கட்டிப்போட்டு, அமைப்புகளைக் குறைத்து, ஜிபியு சுமை 30க்கும் 70க்கும் இடையே அலைபாயும்படி ஒரு மணிநேரம் விடுங்கள். விழுந்தால் விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 4101 என்ற எண்ணைத் தேடி, அதன் நேரத்தை ஜிபியு-இசட் பதிவோடு ஒப்பிடுங்கள். விழுவதற்கு முந்தைய நொடியில் என்ன வேகம், என்ன வோல்ட் என்பது அங்கே இருக்கும். விண்டோஸ் இரண்டு நொடி பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் டிரைவரை மீட்டமைக்கும். அதனால் கடைசி வரியைப் பார்க்காமல் இரண்டு மூன்று வரி மேலே பாருங்கள்.

தீர்வு இரண்டு வகை. மூல பயாஸின் பூஸ்ட் அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு உச்சி வரிசைகளை மட்டும் திருத்தலாம். நான் அதைத்தான் செய்கிறேன். அல்லது நடு வரிசைகளின் குறைந்தபட்ச வோல்டேஜை 12.5 முதல் 25 மில்லிவோல்ட் வரை உயர்த்தலாம்.

2022 மார்ச் 13

‘மல்டிமீட்டரில் அளந்தால் வேறு எண் வருமா?’ என்று கேள்வி வந்திருக்கிறது. ஆம், ஜிபியு-இசட் காட்டும் வோல்டேஜ் பெரும்பாலான 970களில் சிப் கேட்ட வோல்டேஜ், சிப்புக்குக் கிடைத்த வோல்டேஜ் அல்ல. என்விடியாவின் மூல வடிவமைப்பில் இருக்கும் என்சிபி81174 என்ற வோல்டேஜ் கட்டுப்படுத்திக்கு, உண்மை அளவை மென்பொருளுக்குத் திருப்பிச் சொல்லும் வழி கிடையாது. கேட்டதைத்தான் மென்பொருள் திரும்பக் காட்டுகிறது.

என் கார்டில் அளந்தது: ஓய்வில் மென்பொருள் 0.856, மீட்டரும் ஏறக்குறைய அதே. ஃபர்மார்க் சுமைச் சோதனை ஓடும்போது மென்பொருள் 1.212, மீட்டரில் 1.19ஐ ஒட்டி ஊசலாட்டம். சுமையில் விழும் அந்த 20 மில்லிவோல்ட்டுக்கு வோல்டேஜ் சரிவு என்று பெயர். போர்டுக்குப் போர்டு வேறுபடும். சில போர்டுகளில் கேட்டதைவிடக் கூடுதலாகவே வரும்.

அளக்கும் இடம்: கார்டின் பின்புறம், சிப்புக்கு நேர் பின்னால் கொத்தாக இருக்கும் சிறு மின்தேக்கிகள். மீட்டரின் கறுப்பு முனையைத் திருகுத் துளையின் செம்பு வளையத்தில் வைத்து, சிவப்பு முனையை மின்தேக்கியின் ஒரு பக்கத்தில் தொட வேண்டும். முனை வழுக்கி இரண்டு பக்கத்தையும் தொட்டால் கதை முடிந்தது. நான் முனையில் மெல்லிய காப்புக் குழாயைச் செருகி, நுனியில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி விட்டுத்தான் தொடுவேன். கார்டை நிமிர்த்தி வைத்து, பெட்டியைப் படுக்கப்போட்டு, கை மேசையில் ஊன்றியிருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லையென்றால் அளக்காமல் இருப்பதே மேல்.

அணைத்த நிலையில் அதே இடத்தில் மீட்டரின் ஒலிச் சோதனையை வைத்தால் சத்தம் போடும். ஷார்ட் ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். சிப்பின் மையப் பாதைக்கு மின்தடை இயல்பாகவே மிகக் குறைவு.

2022 மார்ச் 14

‘அப்படியானால் 1.3, 1.35 என்று எழுதினால்?’ எழுதலாம். பெரும்பாலான 970களில் 1.28ஐ ஒட்டியே நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சாலிடரிங் இரும்பு எடுக்க வேண்டும். அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

2022 மார்ச் 20

இந்த வாரம் முழுக்க ‘1.275ஐ எப்படியாவது வரவைப்பது எப்படி’ என்றே பலர் கேட்கிறார்கள். வரவைப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

சிப் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ வேகத்தையும், வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. 1.212இலிருந்து 1.275க்குப் போவது 5.2 விழுக்காடு உயர்வு, இருமடியாக்கினால் 10.7 விழுக்காடு. அதோடு 1450இலிருந்து 1500க்கு வேகம் கூடுவது 3.4 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் சிப் இழுப்பது சுமார் 14.5 விழுக்காடு கூடுகிறது. கசிவு மின்னோட்டம் வெப்பத்தோடு ஏறுவது இதில் சேரவில்லை. கைக்கு வருவதோ, நினைவகம் தடையாக இல்லாத விளையாட்டிலேயே 3 விழுக்காடு பிரேம். 60 வந்த இடத்தில் 62.

என் கார்டில் இன்னொன்றும் பார்த்தேன். 1.25ஐத் தாண்டியதும் நிலைத்தன்மை கூடவில்லை, குறைந்தது. காற்றில் குளிரும் மேக்ஸ்வெல் (970இன் சிப் குடும்பம்) சிப்பில் கூடுதல் வோல்டேஜ் தரும் பலனைக் கூடுதல் வெப்பம் தின்றுவிடுகிறது. 1.23இல் நின்ற 1490, 1.275இல் நிற்கவில்லை. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து மறுபடி சோதித்தேன், அப்போது நின்றது. வெப்பம்தான் காரணம் என்று எனக்கு அதிலேயே உறுதியாயிற்று.

2022 ஏப்ரல் 17

கோடை வந்துவிட்டது. மார்ச் தொடக்கத்தில் நன்றாக ஓடிய பயாஸ் இப்போது விழுகிறது என்று இரண்டு பேர். அறை வெப்பம் 5 டிகிரி ஏறினால் சிப்பும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். அறுபதுகளின் நடுவைத் தாண்டும்போது இந்தக் கார்டுகள் ஒரு படி வேகத்தையும் கொஞ்சம் வோல்டேஜையும் தாமாகவே இறக்கிக்கொள்கின்றன. அது பழுது அல்ல, என்விடியாவின் பூஸ்ட் முறை அப்படி. விளிம்பில் வைத்த பயாஸுக்கு அந்தச் சின்ன இறக்கமே போதும்.

இதைவிடக் கவலை, வோல்டேஜ் சீராக்கும் பகுதி. பல 970களில் அதற்குச் சென்சாரே கிடையாது. சிப் 72 டிகிரி என்று திரையில் நிம்மதியாகக் காட்டும். பக்கத்தில் அந்தப் பகுதியின் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் எவ்வளவு சூட்டில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. மல்டிமீட்டரோடு வரும் வெப்ப இணைப்பு வயரை அங்கே வெப்பம் தாங்கும் நாடாவால் ஒட்டி ஒருமுறையாவது பாருங்கள். அதன் மேலுள்ள வெப்பத் திட்டுகள் பழைய கார்டில் காய்ந்து உதிர்ந்துபோயிருக்கும். வோல்டேஜைக் கூட்டுவதற்கு முன் அவற்றை மாற்றுவது என் வழக்கம்.

2022 ஏப்ரல் 18

ஒருவர்: ‘விளையாட்டில் எல்லாம் சரி, பிளெண்டரில் ரெண்டர் செய்தால் நினைவக வேகம் 1753இலிருந்து 1502க்கு இறங்குகிறது, பயாஸ் கெட்டுவிட்டதா?’

கெடவில்லை. கூடா (CUDA) எனப்படும் கணக்கீட்டு வேலைகளுக்கு டிரைவர் இந்தக் கார்டை பி2 என்ற செயல்திறன் நிலையில் ஓட்டுகிறது. அந்த நிலைக்கு நினைவக வேகம் குறைவு. வோல்டேஜுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

2022 மே 8

கேள்வி கேட்ட தம்பியின் நிலவரம், அவர் அனுப்பிய பதிவிலிருந்து: பூஸ்ட் அட்டவணை மூல வடிவத்துக்குத் திரும்பியது, உச்சி வரிசைகள் மட்டும் 1.231 வோல்ட், வேகம் 1468, 6 முள் வரிசைகள் 85 வாட், இரண்டு வயர்களும் நேர். முழுச் சுமையில் தொடர்ந்து விரெல் மட்டும், வோல்டேஜ் கோடு போட்டாற்போல நிற்கிறது. மெனுச் சோதனையிலும் விழவில்லை. 1500 வரவில்லையே என்று அவருக்கு வருத்தம். 1455க்கும் 1500க்கும் இடையே குதித்துக்கொண்டிருந்த கார்டைவிட 1468இல் அசையாமல் நிற்கும் கார்டில் விளையாட்டு சீராக இருக்கும். பிரேம் நேர வரைபடத்தைப் பார்த்தால் அவருக்கே தெரியும்.

2022 அக்டோபர் 16

ஐந்து மாதம் கழித்து இழை எழுந்திருக்கிறது, வேறு கார்டோடு. செப்டம்பர் 15இல் எதிரியம் கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓயாமல் கணக்கிட வைத்து நாணயம் ஈட்டும் சுரங்க முறையைக் கைவிட்டதும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580கள் குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்துவிட்டன. அப்படி ஒன்றை வாங்கியவரின் கேள்வி: தான் எதையுமே ஓவர்கிளாக் செய்யவில்லை, ஆனால் விளையாட்டில் விழுகிறது, சுமையில் வோல்டேஜ் 0.9ஐத் தாண்டுவதில்லை.

அவர் எதையும் செய்யவில்லை. முந்தைய உரிமையாளர் செய்திருக்கிறார். அது சுரங்கத்துக்குத் திருத்திய பயாஸ். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த வேகத்தையும் வோல்டேஜையும் அடித்து இறக்கி, குறைந்த நினைவக வேகத்துக்கு உரிய இறுக்கமான நேர அமைப்புகளை உயர்ந்த வேகத்துக்கு நகலெடுத்திருப்பார்கள். ஒரே மாதிரியான கணக்கை இரவும் பகலும் செய்யும் வேலைக்கு அது நிற்கும். விளையாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு நிற்காது.

போலாரிஸ் (580இன் சிப் குடும்பம்) பயாஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். தொழிற்சாலை பயாஸில் வோல்டேஜ் பத்தியில் 65282, 65283 என்று அபத்தமான எண்கள் இருக்கும். அவை வோல்டேஜ் அல்ல. ‘இந்தச் சிப்பின் கசிவைப் பார்த்து நீயே கணக்கிட்டுக்கொள்’ என்று டிரைவருக்குச் சொல்லும் குறியீடுகள். அதனால்தான் ஒவ்வொரு கார்டும் தன் சிப்புக்கு ஏற்ற வோல்டேஜில் ஓடுகிறது. உங்கள் கோப்பில் அந்த இடத்தில் 900 என்று நேரடி மில்லிவோல்ட் எழுதியிருந்தால் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று பொருள். டிரைவர் எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ‘ஜிபியு நினைவகப் பிழைகள்’ என்ற வரி இருக்கிறது. விளையாடும்போது அந்த எண் ஏறினால் நேர அமைப்பும் திருத்தப்பட்டிருக்கிறது.

பல கார்டுகளின் மேல் விளிம்பில் சிறு சுவிட்ச் ஒன்று இருக்கும். கணினியை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளுங்கள். இரண்டாவது பயாஸ் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் அதே தயாரிப்பு, அதே மாதிரி, அதே நினைவகச் சில்லுக்கு உரிய மூல பயாஸைத் தேட வேண்டும். சாம்சங் நினைவகமுள்ள கார்டுக்கு ஹைனிக்ஸ் மட்டும் ஆதரிக்கும் பயாஸ் உதவாது. 580 என்ற பெயரில் 2304 கணக்கீட்டு அலகுகள் உள்ள சிப்பும் உண்டு, 2048 அலகுகள் உள்ளதும் உண்டு. ஜிபியு-இசட்டில் பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

2022 அக்டோபர் 17

‘வாட்மேனில் நினைவக வோல்டேஜைக் குறைத்தேன், சிப்பின் வோல்டேஜும் இறங்கிவிட்டது’ என்கிறார் இன்னொருவர். வாட்மேன் என்பது ஏஎம்டி டிரைவரின் அமைப்புப் பலகை. போலாரிஸில் அந்தக் கட்டத்தின் பெயர்தான் நினைவக வோல்டேஜ். உண்மையில் அது சிப்பின் வோல்டேஜுக்கு ஒரு தரைமட்டம். சிப் 900 கேட்டாலும் அங்கே 950 என்று இருந்தால் 950 தான் போகும். குறைத்தும் வோல்டேஜ் இறங்கவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

2022 அக்டோபர் 23

மூல பயாஸ் ஏற்றியதும் சரியாகிவிட்டதாம். சுமையில் 1.15ஐ ஒட்டி வருகிறது, நினைவகப் பிழை பூச்சியம்.

ஃபிளாஷ் பாதியில் நின்று திரையே வராதவர்களுக்கு: மதர்போர்டின் உள்ளமைந்த வீடியோவிலோ வேறொரு கார்டிலோ கணினியை இயக்கி மறுபடி எழுதலாம். அதுவும் முடியாவிட்டால் எட்டுக் கால் பயாஸ் சில்லைக் கிளிப்பில் பிடித்து புரோகிராமரால் எழுத வேண்டும். கிளிப்பைப் போடும் முன் சில்லின் மேல் உள்ள எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் படித்து அது 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று உறுதி செய்யுங்கள். 1.8 சில்லுக்கு 3.3 கொடுத்தால் மிச்சம் எதுவும் இருக்காது.

2023 செப்டம்பர் 10

ஜிடிஎக்ஸ் 1070, 1080 வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு எடிட்டர் தேடுகிறார்கள். இவற்றின் சிப் குடும்பமான, 2016இல் வந்த பாஸ்கலிலிருந்து கார்டே பயாஸின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது; ஓர் எண்ணை மாற்றினாலும் ஏற்காது. போன மாதம், பயாஸ் ஏற்றும் கருவியான என்விஃபிளாஷின் திருத்திய வடிவங்கள் வெளியாகி ஒரே பரபரப்பு. அவை வேறொரு கார்டின் மூல பயாஸை ஏற்றுவதற்குத்தான் பெரிதும் பயன்படும். 970இல் செய்ததுபோல ஒவ்வொரு வரிசையாகத் திருத்தும் சுதந்திரம் அதில் இல்லை.

ஆனால் பாஸ்கலில் அதற்குத் தேவையும் குறைவு. ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலும் எஃப் விசையும் அழுத்தினால் வோல்டேஜுக்கு எதிரான வேகக் கோடு திறக்கிறது. 970இல் இரண்டு அட்டவணைகளில் ஒளிந்திருந்த தொடர்பு அங்கே கண்ணெதிரே படமாக இருக்கிறது. 1.093 வோல்ட் உச்சம். நான் அந்த உச்சத்துக்குப் போவதே இல்லை, 0.95ஐ ஒட்டி ஒரு புள்ளியைப் பிடித்து அதற்கு மேல் கோட்டைத் தட்டையாக்கிவிடுகிறேன். நடுப் புள்ளிகளைத் தூக்கிவிடாமல் பாருங்கள். மார்ச் 10 குறிப்பில் சொன்ன மெனுச் சிக்கல் இங்கேயும் அப்படியே வரும்.

2023 செப்டம்பர் 24

தம்பி அந்த 970ஐ விற்கப்போவதாக எழுதியிருக்கிறார். விற்கும் முன் மூல பயாஸை ஏற்றிவிடுங்கள். வாங்குகிறவர் 145 வாட் கார்டு என்று நம்பி ஒரு பழைய 400 வாட் பவர் சப்ளையில், ஒருவேளை அதே சாட்டா அடாப்டரோடு, மாட்டக்கூடும். 85 வாட் வரம்பு எழுதிய பயாஸ் அவர் கையில் இருப்பது அவருக்குத் தெரியாது. ஏற்றிய பிறகு ஜிபியு-இசட்டில் மறுபடி ஒரு நகல் சேமித்து, மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.